துருத்தி வேண்டாம் என்ற பென்ட்லி!

கொல்லன் பட்டறையில் துருத்தி பார்த்திருக்கிறீர்களா, மாணவச் செல்வங்களே? உலையில் கரி எரிந்து கொண்டுதான் இருக்கும். துருத்தியை அமுக்கிக் காற்றை ஊதினால், மங்கிக் கிடந்த நெருப்பு, 'குபீர்' என்று எழும். காற்று கூடினால் நெருப்பு கூடும்.

கார் இன்ஜினுக்குள் நடப்பதும் இதுதான். பெட்ரோல் எரிய காற்று வேண்டும். சாதாரண இன்ஜின், தன் மூச்சில் இழுக்கும் காற்றை வைத்து ஓடும். அதற்கும் ஒரு துருத்தி வைத்து, கூடுதல் காற்றைத் திணித்தால்? கூடவே பெட்ரோலையும் கூட்டினால், அதே இன்ஜின் இன்னும் ஆவேசமாக ஓடும். இந்த இயந்திரத் துருத்திக்கு, 'சூப்பர்சார்ஜர்' என்று பெயர்.

இந்தத் துருத்தியைத் தன் காரில் வைக்கவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தார் ஒருவர். அவர் பேச்சை மீறி வைத்தார்கள். உலகப் புகழ் பெற்ற அந்த மனிதர், பென்ட்லி கார்களை உருவாக்கிய வால்டர் ஓவன் பென்ட்லி.

இங்கிலாந்தின் லண்டன் நகரில், ஹாம்ப்ஸ்டெட் பகுதியில், 1888 செப்டம்பர் 16ம் தேதி பிறந்தார். வீட்டில் ஒன்பது குழந்தைகள், இவர்தான் கடைக்குட்டி. எல்லாரும் இவரை, 'டபிள்யூ.ஓ.' என்று முதல் எழுத்துக்களாலேயே அழைத்தனர். கடைசி வரை அதுவே நிலைத்து விட்டது.

சிறுவன் பென்ட்லிக்குக் கார் மேல் ஆசை இல்லை. ரயில் இன்ஜின் மீதுதான் கொள்ளை ஆசை. 1905ல், 16 வயதில், பள்ளியை விட்டு டான்காஸ்டர் நகர ரயில் பட்டறையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். வசதியான வீட்டுப் பிள்ளைதான். ஆனாலும், கையெல்லாம் கரியும் எண்ணெயுமாக ஐந்து ஆண்டுகள் வேலை கற்றார். ரயில் இன்ஜினில் கரி அள்ளிப் போடும் வேலையும் பார்த்தார். லண்டனிலிருந்து லீட்ஸ் போய்த் திரும்பினால் சுமார் 600 கி.மீ. அந்த ஒரு நாளில் உலைக்குள் தள்ள வேண்டிய கரி 7 டன்! இரும்பு, சூடு, காற்று இந்த மூன்றும் எப்படி நடந்து கொள்ளும் என்பதைப் புத்தகத்தில் படிக்கும் முன் தோளில் வலியாகவே படித்து விட்டார்.

பிறகு மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஆர்வம் திரும்பியது. 1912ல், அண்ணன் ஒருவருடன் சேர்ந்து, 'டி.எப்.பி.' என்ற பிரெஞ்சு கார்களை லண்டனில் விற்கும் கடையைத் தொடங்கினார்.

1913ல், பிரான்சில் இருந்த அந்தக் கார் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே அலுவலக மேஜை மீது, காகிதம் பறக்காமல் இருக்க ஒரு கனத்தை வைத்திருந்தனர். பிஸ்டன் வடிவத்தில், அலுமினியத்தில் செய்த சின்னப் பொம்மை அது. வேறு யாராக இருந்தாலும் அழகாக இருக்கிறதே என்று பார்த்து விட்டு வந்திருப்பார்கள். பென்ட்லி, அதையே உண்மையான பிஸ்டனாகச் செய்தால் என்ன என்று யோசித்தார்.

பிஸ்டன் என்பது இன்ஜினுக்குள் மேலும் கீழும் ஓடும் உருளை. அப்போது அதை வார்ப்பிரும்பில்தான் செய்தனர். கனம் அதிகம், வேகமாக ஓட்டினால் வெடிப்பு விடும். அலுமினியம் இலேசானது, சூட்டையும் சீக்கிரம் கடத்தும். ஆனால், இன்ஜின் சூட்டில் உருகி விடுமே என்று பலர் பயந்தனர். நூற்றுக்கு 12 பங்கு தாமிரம் கலந்து வார்த்துப் பார்த்தார் பென்ட்லி. உருகவில்லை. அந்தப் பிஸ்டன் போட்ட கார், புரூக்லண்ட்ஸ் ஓட்டப்பாதையில் சாதனைகளைப் படைத்தது.

1914ல், முதல் உலகப்போர் மூண்டது. இந்த ரகசியத்தைத் தன் கடைக்கென்று வைத்துக் கொள்ளாமல், கடற்படையிடம் போய்ச் சொன்னார். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்துக்கே அனுப்பி வைத்து, விமான இன்ஜினில் அலுமினிய பிஸ்டன் போடும் முறையை விளக்கச் சொன்னது கடற்படை. பின், 'பென்ட்லி ரோட்டரி' என்ற விமான இன்ஜினையும் வடிவமைத்தார். புகழ் பெற்ற, 'சாப்வித் கேமல்' போர் விமானங்களில் அது பொருத்தப்பட்டது. போர் முடிந்ததும் அரசு இவருக்கு 8,000 பவுண்டு பரிசு தந்தது. ரோல்ஸ் ராய்ஸ் என்ற பெயரை நினைவில் வையுங்கள், மீண்டும் வரும்.

1919ல், 'பென்ட்லி மோட்டார்ஸ்' பிறந்தது. கார் விற்பனைக்கு வந்ததோ 1921 செப்டம்பரில். மூன்று லிட்டர் இன்ஜின். இங்கே லிட்டர் என்பது பெட்ரோல் டேங்கின் அளவு அல்ல. இன்ஜினின் எல்லா சிலிண்டர்களுக்குள்ளும் பிஸ்டன் ஓடும் இடத்தின் மொத்த அளவு. அது பெரிதானால், ஒரே மூச்சில் இழுக்கும் காற்றும் அதிகம். காருக்கு ஐந்து ஆண்டு உத்தரவாதமும் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது சாதாரணம் அல்ல!

1923ல், பிரான்சின் லீ மான்ஸ் நகரில், 24 மணி நேரம் இடைவிடாமல் ஓடும் கார் பந்தயம் முதன்முறையாக நடந்தது. பென்ட்லிக்கு இது பைத்தியக்காரத்தனமாகவே பட்டது. எந்தக் காரும் 24 மணி நேரம் தாங்காது என்று எண்ணினார். ஆனால், ஜான் டப் என்ற வாடிக்கையாளர் தன் சொந்த பென்ட்லி காருடன் கிளம்பி விட்டார். மனம் கேட்காமல், பார்க்கப் போனார் இவர். அந்தக் காரில் முன் சக்கரங்களுக்கு பிரேக் கிடையாது. பாதைக் கற்கள் தெறித்து விளக்கு உடைந்தது. பெட்ரோல் டேங்க் ஓட்டையானது. கார் நடுவழியில் நிற்க, இணை ஓட்டுனர் பிராங்க் கிளமென்ட், சைக்கிளில் பெட்ரோலைச் சுமந்து போய் ஊற்றி, ஓட்டையை அடைத்து ஓட்டினார். அப்படியும் நான்காம் இடம்! மறு ஆண்டு, 1924ல் இதே இருவரும் முதலிடம் பெற்றனர்.

1927 பந்தயம் இன்னும் சுவையானது. இருட்டில், ஒரு வளைவில் கார்கள் குவியலாக மோதிக் கொண்டன. மூன்று பென்ட்லி கார்களும் அதில் சிக்கின. ஒன்று மட்டும், வளைந்த சட்டத்தோடும் ஒற்றை விளக்கோடும் வெளியே வந்தது. அதுவே வென்றது. லண்டன் சவாய் ஓட்டலில் நடந்த பாராட்டு விருந்துக்கு, அழுக்கும் கீறலுமாக அந்தக் காரையே உள்ளே கொண்டு வந்து நிறுத்தினர்.

ஆனால், வெற்றி வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. 1926ல், வைர வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த உல்ப் பர்னாட்டோ என்பவர் பணம் போட்டு நிறுவனத்தைக் காப்பாற்றினார், அவரே தலைவருமானார். நல்ல பந்தய வீரரும் கூட. அன்றிலிருந்து, சொந்த நிறுவனத்தில் பென்ட்லியின் சொல் கடைசிச் சொல்லாக இல்லை.

இப்போதுதான் துருத்தி விவகாரம் வருகிறது.

காரின் வேகத்தைக் கூட்ட, பென்ட்லிக்கு ஒரே வழிதான் தெரியும் என்பதில்லை. ஒரே வழிதான் பிடிக்கும். இன்ஜினைப் பெரிதாக்குவது. 3 லிட்டர், 4.5 ஆனது; 6.5 லிட்டரில், 'ஸ்பீடு சிக்ஸ்' வந்தது. பெரிய இன்ஜின், அலட்டிக் கொள்ளாமல் வேலை செய்யும், நீண்ட நாள் உழைக்கும் என்பது அவர் கட்சி.

ஹென்றி பர்கின் என்ற பந்தய வீரருக்குப் பொறுமை இல்லை. 4.5 லிட்டர் காரிலேயே சூப்பர்சார்ஜர் வைத்தால் போதுமே என்றார். ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற பொறியாளர் அதை வடிவமைத்தார். ஒரு பெட்டிக்குள், எட்டு எண் வடிவில் இரண்டு உருளைகள் ஒன்றோடு ஒன்று இழைந்து சுழன்று, காற்றை முன்னே தள்ளும். அமெரிக்காவைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860ல் காப்புரிமை பெற்ற காற்றூதி இது. இரும்பு உலைகளுக்குக் காற்று ஊதவும் பயன்பட்டது. அதாவது, நிஜமாகவே துருத்திதான்!

பென்ட்லி ஏன் எதிர்த்தார்? காரணம் இல்லாமல் இல்லை. துருத்தியைச் சுழற்றுவதும் அதே இன்ஜின்தான். சம்பாதித்ததில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறது அல்லவா? அமுக்கப்பட்ட காற்று சூடாகும். அந்தச் சூடு, பிஸ்டன், வால்வு எல்லாவற்றையும் வதைக்கும். பெட்ரோலோ தண்ணீராய்ச் செலவாகும். ஐந்து ஆண்டு உத்தரவாதத்துடன், சாலையில் தினமும் ஓட்ட வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் காரில் இது எதற்கு என்பதே அவர் கேள்வி.

பர்னாட்டோ, பர்கின் பக்கம் சாய்ந்தார். டோரதி பேஜெட் என்ற செல்வச் சீமாட்டி பணம் கொடுத்தார். லீ மான்ஸ் விதிப்படி, பொதுமக்களுக்கு விற்கும் வகைக் காராக இருக்க வேண்டும். எனவே, விற்பனைக்கென்றே 50 துருத்திக் கார்கள் தயாராயின. தன் இன்ஜினின் உடம்பில் கை வைக்க மட்டும் பென்ட்லி சம்மதிக்கவில்லை. வேறு வழியின்றி, ரேடியேட்டருக்கு முன்னால், காரின் மூக்கில் சூப்பர்சார்ஜரைத் தொங்க விட்டனர். 110 குதிரைத் திறன் கொண்ட கார், 175 ஆனது. பந்தயக் காரில் 240 வரை போனது. முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 4 லிட்டர் பெட்ரோல் குடித்தது. நம் வீட்டு ஸ்கூட்டருக்கு நிரப்புவதை ஒரே நிமிடத்தில் காலி செய்து விடும்!

1930 லீ மான்ஸ். எதிரே ஜெர்மனியின் 7 லிட்டர் மெர்சிடிஸ். ஓட்டுபவர் மாவீரர் கரச்சியோலா. அதிலும் துருத்தி உண்டு. ஆனால், மிதியை முழுதாக அழுத்தினால் மட்டுமே அது வேலை செய்யும். பர்கின் விரட்டினார். சக்கரம் புல்தரையில் ஏற, டயரின் மேல்தோல் பிய்ந்து பறக்க, மெர்சிடிஸை முந்தினார்! கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்தப் பந்தயத்தின் வேகமான சுற்று அவருடையதே. இரவில் மெர்சிடிஸ் பழுதாகி நின்றது. துருத்தி வைத்த இரண்டு பென்ட்லிகளும் முடிவைத் தொடாமலே நின்றன. முதலிடமும், இரண்டாமிடமும்? துருத்தி இல்லாத ஸ்பீடு சிக்ஸ் கார்களுக்கு! 1929ல் வென்றதும் அதே வகைதான்.

அப்படியானால் பென்ட்லி சொன்னது முழுக்கச் சரியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறு ஆண்டே, 1931ல், அதே பர்கின் இன்னொருவருடன் சேர்ந்து லீ மான்சில் வென்றார். ஓட்டியது, ஆல்பா ரோமியோ 2.3 லிட்டர் கார். அதில் சூப்பர்சார்ஜர் இருந்தது! வரைபடம் போடும்போதே துருத்தியை மனதில் வைத்துச் செய்த இன்ஜின் அது. துருத்தி மீது குற்றமில்லை. அதற்கென்று பிறக்காத இன்ஜினின் மூக்கில் மாட்டியதுதான் வினை. பென்ட்லியே ஒத்துழைத்து, அதற்கேற்ற இன்ஜினைச் செய்திருந்தால் கதை மாறியிருக்குமோ என்னவோ!

அதற்குக் காலம் இடம் கொடுக்கவில்லை. 1929ல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில், விலை உயர்ந்த கார்களை வாங்க ஆளில்லை. 1930ல், 8 லிட்டர் இன்ஜினுடன் மிகப் பெரிய காரை வெளியிட்டார் பென்ட்லி. 100 கார்கள்தான் செய்ய முடிந்தது. 1931 ஜூலையில் நிறுவனம் கடனில் மூழ்கியது. நேப்பியர் என்ற நிறுவனம் வாங்கிக் கொள்ளும் என்று நம்பி, அதற்கான புதிய கார் வேலையையும் தொடங்கியிருந்தார். நவம்பரில், யாரோ கூடுதல் விலை கொடுத்து வாங்கி விட்டனர். யார் என்றே முதலில் அவருக்குத் தெரியவில்லை. பிறகு தெரிந்தது... ரோல்ஸ் ராய்ஸ்!

தன் பிஸ்டன் ரகசியத்தைச் சொல்லிக் கொடுத்த அதே நிறுவனத்தில், ஊழியராக இருக்க வேண்டியதாயிற்று. இன்ஜின் வடிவமைக்கும் வேலை தரவில்லை; கார்களை ஓட்டிப் பார்த்துச் சொல்லும் வேலைதான். தன் பெயரைக் கூட அவரால் வேறு காருக்கு வைக்க முடியாது.

1935ல் அங்கிருந்து வெளியேறி, லகோண்டா நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே 12 சிலிண்டர் இன்ஜின் ஒன்றை உருவாக்கினார். 1939 லீ மான்சில் அந்தக் கார்கள் மூன்றாம், நான்காம் இடங்களைப் பிடித்தன. அடுத்து அவர் தலைமையில் உருவான 2.6 லிட்டர் இன்ஜின், பின்னாளில் ஆஸ்டன் மார்ட்டின், 'டி.பி.2' காரில் இடம் பெற்றது. 1971 ஆகஸ்ட் 13ல், 82 வயதில் காலமானார்.

அவர் வேண்டாம் என்ற அந்தத் துருத்திக் காரை இன்றும், 'ப்ளோயர் பென்ட்லி' என்று கொண்டாடுகின்றனர். பெரிய பந்தயம் எதையும் வெல்லாத கார் அது! முதல் ஜேம்ஸ்பாண்ட் நாவலில் கதாநாயகன் ஓட்டுவது இதைத்தான். 1932ல், புரூக்லண்ட்சில் மணிக்கு 222 கி.மீ., வேகத்தில் பர்கின் ஓட்டிய ஒற்றை இருக்கை ப்ளோயர், 2012ல், 50 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. 2019ல், பழைய காரை அச்சு அசலாகப் பார்த்து, 12 புதிய ப்ளோயர்களைச் செய்வதாக பென்ட்லி நிறுவனம் அறிவித்தது. மூன்று ஆண்டு கழித்து, அதே போல் இன்னொரு பழைய காரையும் 12 மட்டும் செய்வதாக அறிவித்தது. அது, ஸ்பீடு சிக்ஸ்.