ஆண்ட்ரூ புல்லர்

ஆண்ட்ரூ புல்லர் (பெப்ரவரி 6, 1754 – மே 7, 1815) இங்கிலாந்தைச் சேர்ந்த பாப்டிஸ்ட் போதகரும் இறையியலாளரும் ஆவார்.

வாழ்க்கை

கேம்பிரிட்ஜ்சயரிலுள்ள விக்கன் என்னும் ஊரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். 1770 இல் சோகாம் சபையில் திருமுழுக்குப் பெற்றார். மனிதர் தம் ஆற்றலால் பாவத்தைத் தவிர்க்க இயலுமா என்ற சர்ச்சையால் அச்சபையின் போதகர் 1771 இல் விலகினார். 1775 இல் புல்லர் அங்கு போதகரானார். 1782 முதல் இறக்கும்வரை கெட்டரிங் நகரில் பணியாற்றினார்.

இறையியல் கருத்துகள்

மீட்படைவோரைக் கடவுளே தெரிந்துகொள்கிறார் என்பது கால்வினியம். அதனால் மனந்திரும்பாதோரை நம்பிக்கை கொள்ளுமாறு அழைத்தல் தகாது எனக் கால்வினிய பாப்டிஸ்டுகள் பலர் கருதினர். கால்வினியரான புல்லர் 1785 இல் வெளியிட்ட நூலில் இதை மறுத்தார். மனிதரிடம் இல்லாதது ஆற்றல் அன்று, விருப்பமே. எனவே நம்புதல் அனைவரின் கடமை என்றார். கடுங்கால்வினியர் அவரை எதிர்த்தனர். கிறித்து அனைவருக்காகவும் இறந்தார் எனக் கொண்ட பொது பாப்டிஸ்டுகளின் தலைவர் டான் டெய்லரும் மறுத்து எழுதினார்.

தாக்கம்

இக்கருத்து அயல்நாட்டு மறைபரப்புக்கு வழிவகுத்தது. 1792 இல் கெட்டரிங்கில் தொடங்கிய பாப்டிஸ்ட் மிசனரி சங்கத்தின் முதல் செயலாளராகப் புல்லர் இறுதிவரை இருந்தார். அச்சங்கம் 1793 இல் வில்லியம் கேரியை வங்காளத்திற்கு அனுப்பியது.