உணவை நிறுத்துப் பார்த்த மருத்துவர்

நீலகிரி மலையிலுள்ள குன்னூரில், 1918-ஆம் ஆண்டு, பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் ஓர் ஆய்வு தொடங்கியது. அதனைத் தொடங்கியவர் ராபர்ட் மெக்கரிசன். 1878-இல் அயர்லாந்தில் பிறந்த அவர், மருத்துவம் பயின்று 1901-இல் இந்தியா வந்தார். வடமேற்கு எல்லையிலுள்ள கில்கிட் பகுதியில் பணியாற்றினார். அங்கு எளிய உணவை உண்டு திடமாக வாழ்ந்த மலைவாழ் மக்களைக் கண்டார். ஒருவர் உண்பதற்கும் அவரது உடல் நலத்திற்கும் உள்ள தொடர்பே பின்னர் அவரது வாழ்நாள் ஆய்வாயிற்று.

குன்னூரில் அவர் முதலில் ஆராய்ந்தது பெரிபெரி என்னும் நோய். அந்நோய் கண்டவரின் கால்கள் வலுவிழக்கும். சிலருக்கு உடல் வீங்கும். ஆலையில் தீட்டிய வெள்ளரிசியையே பெரிதும் உண்டவர்களிடம் அது மிகுதியாக இருந்தது. தீட்டும்போது தவிட்டோடு உயிர்ச்சத்தும் போய்விடுகிறது. நெல்லை அவித்துக் காயவைத்துப் பெறும் புழுங்கல் அரிசியிலோ அச்சத்தின் பெரும்பகுதி மணிக்குள்ளேயே தங்கிவிடும். வெள்ளைச் சோறுதான் உயர்ந்தது என்று எண்ணுவோர் இன்றும் உளர்!

பின்னர் அவர் செய்த ஆய்வே அவருக்குப் பெரும்புகழ் தந்தது. ஒரே இன எலிக்குஞ்சுகளை ஏழு கூட்டங்களாகப் பிரித்தார். சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் ஆகியோர் உண்ணும் உணவை, கூட்டத்திற்கு ஒன்றாக, 140 நாள்கள் கொடுத்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்கறி ஆகியவற்றைக் கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரியாக 235 கிராம் எடை பெற்றன. சென்னை உணவை உண்டவை 155 கிராம் மட்டுமே; ஏழனுள் அதுவே கடைசி.

மாணவர்களே, பஞ்சாபியரோடும் மராட்டியரோடும் ஒரே வகுப்பில் அமர்ந்து உண்ணும் நீங்கள் இதைக் கேட்டு நாண வேண்டியதில்லை. எலிகள் யாவும் ஓரினமே. வேறுபட்டது உணவு மட்டும். மேலும், சென்னை உணவென்று அவர் எடுத்துக்கொண்டதில் தீட்டிய அரிசிச் சோறே முதன்மை; பாலும் மோரும் சிறிதளவே. கேழ்வரகுக் களியும் கீரையும் உண்ட உழவரின் கலம் அன்று அது.

1933-இல் சர் பட்டம் பெற்ற மெக்கரிசன், 1935-இல் ஓய்வுபெற்று, 1960-இல் மறைந்தார். அவரது ஆய்வகம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது. இன்று அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அந்நிறுவனம் வெளியிட்டுள்ள உணவு அட்டவணைகளைப் புரட்டினால், எலும்புக்கு உரமூட்டும் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 10 மில்லிகிராமே இருப்பதைக் காணலாம். அதே அளவு கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கும் மேல் உள்ளது.