தொலைவை வென்றவர்

பாட்டா என்னும் பெயர் நம் ஊர்க் கடைத்தெருக்களில் காலணிக்குரிய பெயராகவே வழங்கி வருகிறது. அந்நிறுவனம் தோன்றிய இடம் செக் நாட்டின் ஸ்லின் நகரம். அங்கிருந்த தொழிற்சாலையில் பதினாறு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் எமில் சாட்டோபெக். 1922ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்த அவருக்கு இளமையில் ஓட்டத்தில் நாட்டமில்லை. பதினெட்டு வயதில், தொழிற்சாலையின் விளையாட்டுப் பயிற்றுநர் 1500 மீட்டர் பந்தயத்திற்கு அவரைத் தேர்ந்தெடுத்தபோது, தம் உடலில் வலுவில்லை என்று கூறி மறுத்தார். மருத்துவரோ அவரைச் சோதித்து, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார். வேறு வழியின்றி ஓடினார். ஏறத்தாழ நூறு பேர் ஓடிய அப்பந்தயத்தில் இரண்டாமவராக வந்தார்.

அன்று பற்றிய ஆர்வம் அவரை விடவில்லை. 1944ஆம் ஆண்டுக்குள் 2000, 3000, 5000 மீட்டர் ஓட்டங்களில் தம் நாட்டுச் சாதனைகளை முறியடித்தார். போர் முடிந்தபின் படையில் சேர்ந்தார். படைவீரருக்குரிய கனத்த காலணிகளுடன் பனியிலும் ஓடினார்.

அவர் பயின்ற முறை இங்கு அறியத்தக்கது. புதிதாக ஓடத் தொடங்குவோர் பெருந்தொலைவு ஒன்றை மனத்தில் வரித்துக்கொண்டு, அதனை ஒரே மூச்சில் எட்ட முயன்று, சில வாரங்களில் சோர்ந்து விடுவதுண்டு. சாட்டோபெக்கின் ஆசையும் சிறியதன்று. ஆனால், அவர் தொலைவைத் துண்டுகளாக்கினார். 400 மீட்டரை விரைந்து ஓடுவார். அடுத்த 200 மீட்டரை மெல்ல ஓடி மூச்சைச் சீராக்குவார். மீண்டும் 400 மீட்டர். தொடக்கத்தில் நாளொன்றுக்கு இருபது முறை என்றிருந்தது, பின்னர் நாற்பதாகி, அறுபதாகவும் உயர்ந்தது. அறுபது முறை எனில் விரைந்தோடிய தொலைவு மட்டும் 24 கிலோமீட்டர். இடையோட்டத்தையும் கூட்டினால் 36 கிலோமீட்டர்.

1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் தங்கமும் 5000 மீட்டரில் வெள்ளியும் வென்றார். 1951ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் 20 கிலோமீட்டரை 59 நிமிடம் 51.8 நொடியில் கடந்தார். ஒரு மணி நேரத்திற்குள் அத்தொலைவை ஓடிய முதல் மனிதர் அவரே. இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூரைக் கடந்து கிருஷ்ணன்கோவில் வரை செல்லும் சாலையும் ஏறத்தாழ இவ்வளவு நீளமே. நின்று நின்று செல்லும் பேருந்துக்கே அரைமணிக்கு மேலாகும் வழி அது!

மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரிலும் 5000 மீட்டரிலும் தங்கம் வென்றார். இரண்டாவது வெற்றி கிட்டிய அதே நாளில் அவர் மனைவி டானா ஈட்டி எறிதலில் தங்கம் வென்றார். இத்துடன் அமைந்திருந்தால் எவரும் குறை கூறியிரார். சாட்டோபெக்கோ 42.195 கிலோமீட்டர் மாரத்தானிலும் இறங்கத் துணிந்தார். முன்னர்ச் சொன்ன சாலையில் போய்த் திரும்பும் தொலைவு அது. அதற்குமுன் அவர் எந்த மாரத்தானிலும் கலந்துகொண்டதில்லை.

புதியவராகிய அவர், அந்நாளில் உலகில் மிகக் குறைந்த நேரத்தில் மாரத்தானை ஓடியிருந்த ஆங்கிலேயர் ஜிம் பீட்டர்ஸின் அருகிலேயே ஓடினார். இந்த வேகம் சரிதானா என்று வழியில் அவரிடமே வினவினார். களைக்கத் தொடங்கியிருந்த பீட்டர்ஸ், எதிராளியைக் குழப்ப எண்ணி, வேகம் போதாது என்றார். சாட்டோபெக் அதனை நம்பி வேகத்தைக் கூட்டினார்! பீட்டர்ஸால் பந்தயத்தை முடிக்க இயலவில்லை. சாட்டோபெக் 2 மணி 23 நிமிடம் 3.2 நொடியில் முதல்வராக ஓடி முடித்தார். அடுத்தவர் வர இரண்டரை நிமிடம் ஆயிற்று. அந்தப் பந்தயத்தை இந்தியாவின் சூரத் சிங் மாத்தூரும் ஓடி முடித்தார். ஒரே ஒலிம்பிக்கில் இம்மூன்று ஓட்டங்களையும் வென்றவர் சாட்டோபெக்கையன்றி இன்றளவும் எவருமில்லை. மாரத்தானுக்குத்தான் அவர் புதியவர். அந்த உழைப்புக்குப் புதியவர் அல்லர்.

1956ஆம் ஆண்டு மெல்போர்ன் மாரத்தானில், குடலிறக்க அறுவை மருத்துவத்திற்குப் பின் ஓடி ஆறாமிடம் பெற்றார். 1968ஆம் ஆண்டு தம் நாட்டில் சோவியத் படைகள் புகுந்ததை வெளிப்படையாகக் கண்டித்தார். அதனால் படைப்பதவியை இழந்து, நிலத்தைத் துளையிடும் பணியில் உடலுழைப்பாளராகப் பல ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்தார். 2000ஆம் ஆண்டு நவம்பரில் பிராகா நகரில் காலமானார்.

அவர் வென்ற நான்கு ஒலிம்பிக் தங்கங்களுள் ஒன்று அவரிடம் இல்லை. ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க், நெடுந்தொலைவு ஓட்டங்களில் உலக சாதனைகள் பல படைத்தும் ஒலிம்பிக் தங்கம் கிட்டாதவர். 1966ஆம் ஆண்டு அவர் பிராகாவிலிருந்து விடைபெற்றபோது, சாட்டோபெக் சிறு பொதி ஒன்றை அவர் கையில் வைத்தார். கிளார்க் பின்னர் அதனைப் பிரித்துப் பார்த்தார். ஹெல்சிங்கியில் 10,000 மீட்டருக்கு வழங்கப்பட்ட தங்கப் பதக்கம் அதனுள் இருந்தது.