காய்ச்சலைத் தேடிப்போன வைத்தியர்

வில்லியம் கோலி 1862இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தார். யேல், ஹாவட் பல்கலைக்கழகங்களில் கற்று நியூயோர்க்கில் சத்திரசிகிச்சை வைத்தியரானார். இவற்றை விட என் மனதில் நின்றது 1890இல் அவரிடம் வந்த எலிசபெத் டஷீல் என்ற பெண்தான். அவளுக்கும் என் வயது, 17. கையில் ஒரு சிறு வீக்கம், சோதித்தபோது புற்றுநோய். முழங்கைக்குக் கீழே கையை அகற்றியும் நோய் உடலெங்கும் பரவியது. 1891 ஜனவரியில் அவள் இறந்துபோனாள்.

கோலியால் அதை மறக்க முடியவில்லை. வைத்தியசாலையின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். ஸ்டெயின் என்ற ஜேர்மன் குடியேறியின் கழுத்துக் கட்டி, வெட்ட வெட்ட வளர்ந்திருந்தது. வைத்தியர்கள் கைவிட்ட நிலையில் அவருக்குத் தோலில் பற்றீரியாத் தொற்று ஏற்பட்டுக் கடுங்காய்ச்சல் கண்டது. கட்டி கரைந்துபோனது! அதன்பின் அவர் என்னவானார் என்று பதிவேட்டில் இல்லை. ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்புகளில் கோலி அவரைத் தேடி அலைந்தார். சுமார் ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் ஸ்டெயின் சுகமாகவே இருந்தார். பதிவேட்டை மூடி வைத்திருந்தால் இந்தச் சரித்திரமே இல்லை.

பிறகு கோலி நோயாளிகளுக்குத் தாமே பற்றீரியாவை ஏற்றிப் பார்த்தார். சாப்பிடவே முடியாதிருந்த ஓர் இத்தாலியர் பிழைத்து, மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் உயிருள்ள கிருமி சிலரைக் கொன்றும்விட்டது. இதைச் சொல்லாமல் கோலியைப் புகழ எனக்கு விருப்பமில்லை. ஆகவே அவர் வெப்பத்தால் கொல்லப்பட்ட இரு வகைப் பற்றீரியாக்களுக்கு மாறினார். 1893இல் வயிற்றில் பெரிய கட்டியோடு வந்த 16 வயதுப் பையன் அதனால் குணமடைந்து, மேலும் 26 ஆண்டுகள் வாழ்ந்தான்.

ஆனால் எல்லோருக்கும் அது பலிக்கவில்லை. ஏன் பலிக்கிறது என்று விளக்கவும் அவரால் இயலவில்லை. கதிர்ச் சிகிச்சை வந்ததும் பலர் அவரை ஓரங்கட்டினர். 1936இல் காலமானார். வைத்தியரல்லாத அவர் மகள் ஹெலன், தந்தையின் கடதாசிகளைத் தேடிச் சேர்த்து, சுமார் 1000 நோயாளிகளின் விபரங்களைத் தொகுத்தார். 1953இல் புற்றுநோய் ஆய்வு நிறுவனமொன்றையும் தொடங்கினார்.

நாம் உயிரியலில் படிக்கும் ரி கலங்களைப் புற்றுநோய் தடுத்து நிறுத்திவிடும். அந்தத் தடையை நீக்கும் வழியைக் கண்டதற்கே 2018இல் அலிசனுக்கும் ஹொஞ்சோவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முற்றிய நிலையிலுள்ள சிலருக்கும் இன்று இச்சிகிச்சை பலனளிக்கிறது. கோலியின் வழியும் முற்றாக அழியவில்லை. பிறந்தவுடன் நமக்குப் போடப்பட்டு, கையில் தழும்பாக நிற்கும் பீசீஜீ ஊசி மருந்திலும் உயிருள்ள பற்றீரியாதான் இருக்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் ஆரம்ப நிலையில் அதையே உள்ளே செலுத்துகிறார்கள்.