கவிபாடக் கற்பித்த பெருமகனார்

கற்றவர் பலர்; கற்பித்தவர் சிலர்; கற்பிப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர் மிகச் சிலர். அம்மிகச் சிலருள் தலைசிறந்தவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்கள்.

என் ஊர் திருப்பனந்தாள். குமரகுருபர சுவாமிகள் காசியில் தோற்றுவித்த மடத்தின் தலைமையிடம் அது. அம்மடத்தின் ஆதரவில் செந்தமிழ்க் கல்லூரி ஒன்றும் எங்கள் ஊரில் உண்டு. தெற்கே காவிரியைக் கடந்து சென்றால் திருவாவடுதுறை. அங்கேதான் பிள்ளையவர்கள் ஆதீன வித்துவானாக விளங்கினார். இவ்வளவு அருகில் இருந்தும், கல்லூரியில் சேரும்வரை அவர் பெயரை நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் புத்தகம் என்று ஒன்று நுழைந்ததே என்னால்தான். செய்யுள் என்றால் எனக்கு அச்சம். உரையை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுவதே என் வழக்கமாக இருந்தது. அந்த அச்சத்தைப் போக்கியது இப்பெரியாரின் வரலாறு. அதனாலேயே அதனை இங்கு எழுதத் துணிந்தேன்.

1815ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், திருச்சிராப்பள்ளிக்கு அருகில் சிதம்பரம் பிள்ளைக்கும் அன்னத்தாச்சிக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையார் திண்ணைப் பள்ளி ஆசிரியர். அவரே முதல் குரு. இளமையிலேயே தந்தையை இழந்த மகனுக்குக் கிடைத்த சொத்து தமிழ் மட்டுமே. அக்காலத்தில் அச்சிட்ட நூல்கள் அரிது. ஏட்டுச் சுவடி வைத்திருப்பவரை அடைந்தால்தான் பாடம் கிட்டும். எந்த நூலை எவர் அறிவாரோ அவரைத் தேடிச் சென்று கற்றார். தண்டியலங்காரம் அறிந்த பரதேசி ஒருவர் பிச்சையெடுத்துத் திரிந்தார். அவர் பின்னே அலைந்து, பணிவிடை செய்து, அந்நூலைப் பாடம் கேட்டார் இளைஞர் மீனாட்சிசுந்தரம். கல்விக்காகப் பட்ட இத்துன்பமே, பிற்காலத்தில் தம்மை நாடி வந்த எவரையும் திருப்பி அனுப்பாத உள்ளத்தை அவருக்குத் தந்தது என்று கருதுகிறேன்.

அவர் பாடம் சொன்ன முறைதான் என்னை மிகவும் கவர்ந்தது. நான் அறிவியல் மாணவன். நூலைப் படிப்பதோடு எங்கள் கல்வி நின்றுவிடுவதில்லை. செய்முறை வகுப்பில் கையால் செய்து பார்த்தால்தான் பொருள் விளங்கும். பிள்ளையவர்களின் இல்லம் கவிதைக்கு ஓர் ஆய்வுக்கூடமாக இருந்தது. மாணவர் செய்யுளைப் படிப்பார். ஆசிரியர் பொருளும் நயமும் சொல்வார். அத்துடன் நிற்கவில்லை. மாணவர்களையே செய்யுள் இயற்றச் சொன்னார். பிழை கண்டால் திருத்தினார். எல்லாவற்றிற்கும் மேலாக, தாம் கவி பாடும்போது மாணவர்களை அருகில் வைத்துக்கொண்டார். தலபுராணங்களின் செய்யுட்களை அவர் வாயால் சொல்லச் சொல்ல, மாணவர் எழுத்தாணியால் ஏட்டில் எழுதினர். கவிதை பிறப்பதைக் கண்ணெதிரே காண்பதைவிடச் சிறந்த பாடம் வேறென்ன வேண்டும்!

1871இல் மாயூரத்தில் அவரிடம் சேர்ந்தார் ஓர் ஏழை இளைஞர். வேங்கடராமன் என்ற அவர் பெயரைச் சாமிநாதன் என்று மாற்றியவர் பிள்ளையவர்களே. அவர்தாம் பின்னர்த் தமிழ்த் தாத்தா எனப் போற்றப்பெற்ற டாக்டர் உ.வே. சாமிநாதையர். ஆசிரியர் தம் வீட்டுத் தோட்டத்தில் வைத்த இளமரங்களில் தளிர் விட்டிருக்கிறதா என்று காலைதோறும் பார்ப்பது வழக்கம். இதைக் கவனித்த மாணவர், முன்னதாகவே எழுந்து புதிய தளிர்களைத் தேடிக் கண்டு ஆசிரியருக்குக் காட்டினார். இவ்வாறே அவர் அன்பைப் பெற்றார். தளிரைத் தேடிய அந்த ஆசிரியர் மாணவர்களிடமும் அதையேதான் தேடினார் போலும்.

சமயம் அவர் பாடத்திற்குத் தடையாக இருக்கவில்லை. சிறந்த சைவராகிய அவரிடம் கிறித்தவரான சவரிராயலு நாயகரும், நாகூர் குலாம் காதிறு நாவலரும் பயின்றனர். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த கிறித்தவர் வேதநாயகம் பிள்ளை அவருடைய உற்ற நண்பர். அவர்மீது குளத்தூர்க் கோவையே பாடினார்.

பாடிப் பெற்ற பரிசுகளெல்லாம் மாணவர் உணவிலும் பிறர் துன்பத்திலும் கரைந்தன. கடன் தீராமலே, 1876 பிப்ரவரி முதல் நாள் திருவாவடுதுறையில் மறைந்தார். அந்த இறுதி நேரத்தில் அருகிலிருந்து திருவாசகம் படித்தவர் சாமிநாதையர்.

ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். அவர் பாடிய தலபுராணங்களையும் அந்தாதிகளையும் இன்று படிப்பவர் மிகக் குறைவு. அவரிடம் பயின்ற நூல்களைச் சாமிநாதையர் 1880இல் அடுக்கிச் சொன்னபோது, கும்பகோணம் முன்சீப்பு சேலம் இராமசாமி முதலியார் நிறைவடையவில்லை; சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஆசிரியர் பாடம் சொல்லாத நூல் அது. ஆயினும் ஏட்டைப் பிரிக்கவும், செய்யுளின் ஓசை கொண்டு பிழையை உணரவும் பழக்கியவர் அந்த ஆசிரியர்தாமே? 1887இல் சிந்தாமணி அச்சேறியபோது, மறைந்த ஆசிரியரின் உழைப்பும் அதனுள் இருந்தது.

இன்னொன்றும் என் நெஞ்சில் நிற்கிறது. அம்மாணவர் வரிசையில் எங்கள் தெருவைப் போன்றதொரு தெருவிலிருந்து, நடவுக்குச் செல்பவரின் பிள்ளை எவரும் அமர்ந்ததாக நான் படித்த பக்கங்களில் காணவில்லை. பெண் ஒருத்தியையும் காணவில்லை. அது அக்காலத்தின் குறை. ஆனால், அவருடைய மாணவர் தியாகராச செட்டியார் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியரானார். 1880இல் அவர் ஓய்வு பெறும்போது தம் இடத்தில் சாமிநாதையரை அமர்த்தச் செய்தார். சாமிநாதையர் 1903வரை அங்கே கற்பித்தார். மடத்தில் ஊறிய தமிழ் இப்படித்தான் அரசுக் கல்லூரி என்னும் வாய்க்காலில் பாய்ந்தது. தலைமடையில் தொடங்கிய நீர் கடைமடைக்கு வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று. இன்று நானும் அதில் கை நனைக்கிறேன்.

மாணவ நண்பர்களே! தேர்வுக்குரிய உரையை மட்டும் படித்துவிட்டுக் கவிதையைக் கற்றோம் என்று மகிழ வேண்டாம். ஒரு செய்யுளை வாய்விட்டுப் படியுங்கள். பிழையாயினும் ஒரு வெண்பா எழுதிப் பாருங்கள். நான் எழுதிய முதல் வெண்பாவில் தளை மூன்றிடத்தில் தட்டியது. என் தமிழாசிரியர் கடிந்துகொள்ளாமல் திருத்தித் தந்தார். அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன். அப்போது திருவாவடுதுறை எனக்கு மிக அருகில் இருந்தது.