குரலரசர் நாராயண் கோபால்

ஒரு பாடகரின் பெருமையை அவர் பாடிய பாடல்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது உலக வழக்கம். ஆயிரக்கணக்கில் பாடியோரைப் போற்றிப் பழகிய நமக்கு, நேப்பாள நாட்டார் ஸ்வர சாம்ராட் எனப் பட்டம் சூட்டிக் கொண்டாடும் நாராயண் கோபாலின் வரலாறு வியப்பைத் தரும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பாடிய அப்பெருமகனார் விட்டுச் சென்றவை சுமார் 137 பாடல்களே. ஆண்டுக்கு ஐந்து பாடல்கள்கூட இல்லை!

1939 அக்டோபர் 4-ஆம் நாள் காத்மாண்டு நகரின் பழைய வீதிகளுள் ஒன்றான கிலாகலில், குருபாச்சார்யா எனும் நேவார் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் ஆஷா கோபால் சித்தார் வல்லுநர். இல்லத்தில் வழங்கிய மொழி நேவாரி. பின்னாளில் நேப்பாளி மொழியின் குரலாகவே விளங்கியவர்க்கு அம்மொழி தாய்மொழியன்று என்பதை நாம் கருத வேண்டும்.

1951-இல் ராணாக்களின் ஆட்சி வீழ்ந்தது. அதே ஆண்டில் நேப்பாள வானொலியும் பிறந்தது. அப்போது அவருக்கு வயது பதினொன்று. எங்கும் இந்தித் திரைப்பாடல்கள் செல்வாக்குப் பெற்றிருந்த காலம் அது. நேப்பாளி மெல்லிசை தனக்கென ஒரு வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்தது. திரிசந்திரா கல்லூரியில் பயின்ற அவ்விளைஞர் வானொலி வழியே அறிமுகமானார். (அக்கல்லூரிக்கு அருகிலேயே காத்மாண்டு முஸ்லிம்களின் பழம்பெரும் பள்ளிவாசல்கள் இரண்டு உள்ளன என்பது நம் வாசகர்க்கு உவப்பான செய்தி.) பின்னர்ச் சாத்திரிய இசை பயிலப் பரோடா சென்றார், படிப்பை முடிக்காமலே திரும்பினார். பட்டம் கிட்டாவிடினும், அங்குப் பெற்ற பயிற்சி வீண்போகவில்லை என்றே நாம் எண்ணுகிறோம்.

அவர் வாழ்வைத் திசைதிருப்பியது டார்ஜிலிங். நேப்பாளி பேசும் மக்கள் பெருவாரியாக வாழும் அம்மலைநகர் இந்திய எல்லைக்குள் இருப்பது. அங்கே தோன்றிய இசையமைப்பாளர் கோபால் யோன்ஜனும் நம் பாடகரும் ‘மீத்’ உறவு பூண்டனர். சடங்கு செய்து நட்பை உடன்பிறப்பாக்கிக்கொள்ளும் நேப்பாள வழக்கம் அது; ஒருவர் இறந்தால் மற்றவர் துக்கம் காக்கும் அளவுக்கு நெருக்கமானது. 1971-இல் அவர் மணந்த பெமலா லாமாவும் டார்ஜிலிங் மங்கையே. இருவரும் வெவ்வேறு இனத்தவர். அக்காலச் சமூகக் கட்டுகளைக் கடந்தே அத்திருமணம் நிகழ்ந்தது. அசாமில் வாழ்ந்த கவிஞர் ஹரிபக்த கட்டுவாலின் பாடலையும் அவர் பாடினார். எல்லைகளால் பிரிந்து கிடந்த ஒரு மொழியினர், அசாமியக் கவிஞரின் சொல்லையும் டார்ஜிலிங் கலைஞரின் இசையையும் காத்மாண்டுக் குரலில் கேட்டு ஒன்றாயினர். அரசியலார் செய்ய இயலாத பணி இது.

பாடலின் சொற்கள் மனத்துக்கு ஒப்பாவிடில் அவர் பாட இசையமாட்டார். முகத்துக்கு நேரே பேசும் இயல்பினர்; முன்கோபி என்ற பெயரும் அவருக்கு உண்டு. அக்கண்டிப்பினால் நண்பர் சிலர் வருந்தியிருக்கலாம். ஆயினும் மக்கள் அடைந்த பயன் பெரிது. அவர் குரலில் ஆரவாரம் இல்லை. காதலின் தோல்வியையும் தனிமையையும் அழுது காட்டாமல், அடக்கத்தோடு அருகிருந்து சொல்வதுபோல் பாடினார். பிறர் மெட்டுகளைப் பாடியதோடு நில்லாது தாமும் இசையமைத்தார். நாட்டின் கலை நிறுவனத்தில் நிர்வாகப் பொறுப்பும் வகித்தார்.

நீரிழிவு நோய் அவரது உடலை அரித்தது. 1990 நேப்பாளத்தில் மக்களாட்சி மீண்ட ஆண்டு. புதிய அரசியல் சட்டம் நவம்பர் 9-இல் வெளியாயிற்று. ஒரு மாதம் நிறைவதற்குள், டிசம்பர் 5-இல், தம் ஐம்பத்தோராம் வயதில் அவர் கண்மூடினார். மக்கட்பேறு இல்லாத அவருக்காக ஒரு நாடே துக்கம் காத்தது.

காத்மாண்டு வட்டச்சாலையில் மகாராஜ்கஞ்ச் பகுதியில் அவர் சிலை நிற்கும் நாற்சந்தி இன்று நாராயண் கோபால் சௌக் என்றே வழங்குகிறது. அவர் மறைந்த பின் பிறந்தவர்களும் அவ்விடத்துக்கு வழி கேட்கையில் அப்பெயரையே சொல்கின்றனர்.