சிறுவர்க்கு நூலளித்த மன்னர்

காவிரி பாய்ந்து வளங்கொழிக்கும் தஞ்சையை ஆண்ட மன்னர் பலர். அவருள் போர்க்களத்தில் வாகை சூடியோர் உண்டு. வானளாவக் கோயில் எடுத்தோரும் உண்டு. சிறுவர் படிப்பதற்கென நூல் அச்சிடுவித்துப் புகழ்கொண்டவர் இரண்டாம் சரபோஜி மன்னர்.

சரபோஜி 1777ஆம் ஆண்டில் பிறந்தார். 1787இல் துளஜா மன்னர் அவரை மகவாக ஏற்று, சுவார்ட்ஸ் என்னும் செர்மானியப் பாதிரியாரின் பாதுகாப்பில் விட்டு மறைந்தார். ஆயின், அரியணை சிறிய தந்தையாராகிய அமர்சிங்குக்குச் சென்றது. இளவரசர் காவலில் வைக்கப்பட்டார். கல்வியும் அவருக்கு மறுக்கப்பட்டது. சுவார்ட்ஸ் அயராது முயன்றமையால், 1793இல் சென்னைக்கு அனுப்பப்பெற்று ஆங்கிலமும் பிற கலைகளும் பயின்றார். கல்லாமையின் துன்பத்தை இளமையிலேயே உணர்ந்த அவர், கல்வியின் அருமையைப் பின்னர் மறக்கவில்லை.

1798இல் சரபோஜி முடிசூடினார். அடுத்த ஆண்டே ஆட்சியுரிமை கிழக்கிந்தியக் கம்பெனியார்க்கு மாறியது. கோட்டையும் அதனைச் சூழ்ந்த சிறு பகுதியுமே அவருக்கு எஞ்சின. நாடு கைவிட்டுப் போயினும் மன்னர் சோர்ந்திலர். மக்களின் அறிவை வளர்ப்பதே தம் கடனெனக் கொண்டார்.

ஒரத்தநாட்டில் அவர் நிறுவிய முத்தாம்பாள் சத்திரத்தில், ஏழைச் சிறுவர் உணவும் கல்வியும் இலவசமாகப் பெற்றனர். 1805இல் தஞ்சையில் ‘நவவித்தியா கலாநிதி’ என்னும் அச்சகத்தை அமைத்தார். மறு ஆண்டே ஈசாப்புக் கதைகள் மராத்தியில் பெயர்க்கப்பட்டு, ‘பாலபோத முக்தாவளி’ என்னும் பெயரால் அங்கே அச்சாயின. ஈசாப்பு ஓர் அடிமை என்பது மரபு. எளியோரும் அறிவினால் வலியோரை வெல்லலாம் என்பதை விலங்குகளின் வாயிலாக உணர்த்துவன அக்கதைகள். மன்னர் பெயரால் வழங்கும் ‘தேவேந்திர குறவஞ்சி’யில், குறத்தி ஒருத்தி உலகின் கண்டங்களையும் நாடுகளையும் விரித்துரைக்கின்றாள். நில நூலறிவு இவ்வாறு நாடகமாயிற்று.

இத்தாலி ஒரே நாடாக இணைந்த பின்னர், தே அமீச்சிஸ் என்பார் 1886இல் ‘இதயம்’ என்னும் சிறுவர் நூலை வெளியிட்டார். செல்வர் மகனும் தொழிலாளி மகனும் ஒரே வகுப்பில் உடன்பிறந்தார் போலப் பழகுவதை அது காட்டிற்று. சிறுவர் நூலால் சமுதாயத்தைத் திருத்தலாம் என்பதை உலகம் அதனால் உணர்ந்தது. அதற்கு 80 ஆண்டுகட்கு முன்னரே தஞ்சையில் சிறுவர்க்கு அச்சு நூல் எழுந்தமை எண்ணத்தக்கது.

தஞ்சை நூல் மராத்தியில் அமைந்தமையால், வயலில் உழைத்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளை அது எட்டவில்லை. அக்குறையை நிறைக்கும் பணி பின்வந்தோர்க்கு உரியதாயிற்று. சரபோஜி 1832இல் மறைந்தார். அவர் பேணி வளர்த்த சரசுவதி மகால் நூலகம் இன்றும் தஞ்சையில் நிலவுகின்றது. ஆளும் நிலம் சுருங்கியபோதும், அறிவுக்கு வழி திறந்தமையால் அவர் பெயர் சுருங்கவில்லை.